ஒண்டுமில்லை சேர்

பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு முதலுதவி படிப்பித்த சேர் காலமான செய்தி வந்த அன்று எங்கள் பழைய மாணவர் வட்ஸ்அப் குழுவில் அஞ்சலிகள் குவிந்தன. "கண்டிப்பான ஆசான்", "அடித்து ஆளாக்கியவர்", "எங்களை ஆம்பிளையாக்கியவர்". கடைசியைப் படித்ததும் சிரித்துவிட்டேன். பிரம்பால் ஆம்பிளையாக்கிய மாஸ்ரர்மாருக்கு எங்கள் பள்ளிக்கூடத்தில் பஞ்சமே இல்லை. ஆனால் இவர் அந்த வரிசையில் நின்றவர் அல்ல. பிரம்பு வைத்திருந்தார்தான். முறிந்த காலுக்கு மட்டை வைத்துக் கட்டுவது எப்படி என்று காட்டவே அதை எடுப்பார்.

வெள்ளிக்கிழமைப் பின்னேரங்களில் வேப்பமரத்தடியில் அவர் எங்கள் முதலுதவிப் படைக்குப் பயிற்சி தருவார். அங்கே காயக்காரனாக நடித்துப் படுப்பவனுக்கு ஒரு துண்டுக் காகிதம் கிடைக்கும்: "வலது முழங்கை முறிவு", "வயிற்றில் அடி". சேர் பக்கத்தில் குந்தியிருந்து கேட்பார்.

"எங்கயடா நோகுது?"

"ஒண்டுமில்லை சேர்."

கையே முறிந்தாலும் அதைத்தான் சொல்ல வேண்டும் என்று வீட்டில் பழகியிருந்தோம். அவர் விடமாட்டார். "ஒண்டுமில்லாதவனுக்கு என்னத்துக்கடா கட்டு? எழும்பு. அடுத்தவன் வா." குத்துதோ, எரியுதோ, கடுக்குதோ, உளையுதோ, விட்டுவிட்டு வருதோ என்று பிரித்துச் சொல்ல வேண்டும். அப்புறம் அவருடைய கடைசிக் கேள்வி: "பயமாயிருக்கோ?" பதினான்கு வயதுப் பெடியன் தன் வகுப்புக்கு முன்னால் "ஓம் சேர், பயமாயிருக்கு" என்று சொல்வது காலை முறித்துக்கொள்வதைவிடக் கஷ்டம். சிரித்தவன்தான் அடுத்த காயக்காரன். பயந்தால் நாடி வேகமாக அடிக்கும், மூச்சு மேலெழும்பும், அது உடம்பு தன் வேலையைச் செய்வது, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு, படுத்திருப்பவனின் மணிக்கட்டைப் பிடித்து நாடி எண்ண விடுவார். சண்டைக்கும் தாச்சி விளையாட்டுக்கும் தவிர இன்னொருத்தன் கையை நாங்கள் பிடித்தது அங்கேதான்.

1985இல் நான் ஆண்டு 9. என் பக்கத்து மேசைக்காரன் ஒரு திங்கட்கிழமை வரவில்லை. முதல் பாட மணி அடிக்கும் முன்பே எல்லாருக்கும் தெரிந்துவிட்டது, ஆயுதம் தூக்கிய இயக்கத்துக்குப் போய்விட்டான் என்று. கணக்குப் பாடத்தில் அவனுடைய கவராயம் என் பெட்டிக்குள் கிடந்ததைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. படிப்பித்துக்கொண்டிருந்தவர் (அவர் பெயர் இங்கே தேவையில்லை) என்னை வாங்கில் ஏற்றிவைத்து, "நாளைக்குப் பாவாடை கட்டிக்கொண்டு வா" என்றார். வகுப்பே சிரித்தது. அன்றோடு என் பெயர் 'பாவாடை'. போன வருடப் பழைய மாணவர் ஒன்றுகூடலிலும், கனடாவில் ஸ்காபறோ மண்டபத்தில், நரைக்கு மை பூசிய ஒருவர் என் மனைவிக்கு முன்னால் அப்படித்தான் கூப்பிட்டார். பாசத்தில்தான், தெரியும். மனைவிக்கு விளக்கம் சொல்ல வீடு வந்து சேரும்வரை எடுத்தது.

அந்த வெள்ளிக்கிழமை எல்லாரும் போனபிறகு சேர் என்னை மறித்தார். முதலுதவிப் பெட்டியைத் திறந்து, கழுவிக் காயவைத்த கட்டுத்துணிகளைத் தந்து, "சுத்து" என்றார். அவரும் ஒன்றை எடுத்துத் துடையில் வைத்துச் சுற்றினார். "எங்கயடா நோகுது?" என்று கேட்டார். "ஒண்டுமில்லை சேர்." இந்தமுறை எழும்பச் சொல்லவில்லை. பாதிப் பெட்டி நிரம்பியபோது என் வாயில் தானாக வந்தது: "என்னட்டையாவது சொல்லிப்போட்டுப் போயிருக்கலாம், சேர்."

"ஓமடா. சொல்லியிருக்கலாம்."

அவ்வளவுதான். புத்திமதி இல்லை.

பூச்சிமருந்து குடித்தவர்களைச் சைக்கிளில் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடிய மனிதர் அவர். வழியில்தான் அவர்கள் வாய் திறந்து பேசத் தொடங்குவார்கள் என்று ஒருமுறை சொன்னார். 1995இல் இலங்கையில் இலட்சத்துக்கு 47 பேர் தற்கொலை செய்துகொண்டார்கள் என்றும், அது உலகிலேயே மிக உயர்ந்த விகிதங்களில் ஒன்று என்றும், செத்தவர்களில் பெரும்பாலோர் ஆண்கள் என்றும் நான் வாசித்து அறிந்தது மிகப் பிந்தி. கொடிய பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடைசெய்ததில் அந்தத் தொகை பிறகு வெகுவாகக் குறைந்தது. மருந்தைத் தடைசெய்ய ஒரு சட்டம் போதும். வாயைத் திறக்க வைக்கத்தான் வெள்ளிக்கிழமைகள் வேண்டியிருந்தன.

நான் கனடா வந்த முதல் பனிக்காலம், 1989 டிசம்பர் 6. மொன்றியலில் பொறியியல் கல்லூரி ஒன்றுக்குள் புகுந்த ஒருவன் பெண்களைத் தனியாகப் பிரித்து நிறுத்திச் சுட்டான். 14 பெண்கள் இறந்தார்கள். துவக்குச் சத்தத்துக்குப் பயந்து ஓடிவந்த எங்களுக்கு, சுட்டவனின் கோபம் பெண்கள்மேல் என்று விளங்கவே நாளெடுத்தது. 1991இல் இங்குள்ள ஆண்கள் சிலர் வெள்ளை றிபன் இயக்கத்தைத் தொடங்கினார்கள். பெண்கள்மேல் வன்முறை செய்யவும் மாட்டோம், கண்டு வாய்மூடி இருக்கவும் மாட்டோம் என்பது அதன் உறுதிமொழி. அந்த றிபனை என் மகன் பள்ளியில் சட்டையில் குத்திக்கொண்டு வந்தான். அதற்கு முன்பு, சின்ன வகுப்பில், வட்ட முகங்கள் வரைந்த தாள் ஒன்றையும் கொண்டுவந்திருந்தான்: கோபமுகம், பயமுகம், வெட்கமுகம். "அப்பா, இண்டைக்கு நீங்கள் எந்த முகம்?" என்று கேட்டான். வேலையால் அப்போதுதான் வந்திருந்தேன். "ஒண்டுமில்லை மகன்" என்றேன். அவன் தாளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அப்பிடி ஒரு முகம் இதில இல்லை" என்றான்.

கனடாவுக்கு வெளிக்கிட முன்பு பயணம் சொல்லப் போனபோது சேர் வீட்டில் இருந்தார். போகாதே என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. அந்தப் பழைய முதலுதவிப் புத்தகத்தை எடுத்து, எங்களுக்கு ஒருநாளும் படிப்பிக்காமல் தாண்டிய ஒரு பாடத்தை விரித்தார். குளிரில் விறைத்த விரல்களுக்கான முதலுதவி. "தேய்க்கக் கூடாது. கொதிதண்ணிக்குள்ள வைக்கக் கூடாது. இளஞ்சூட்டுத் தண்ணி, மெதுவா. சூடு திரும்பேக்கைதான் நல்லா நோகும், பயந்துபோடாதை." பிறகு எத்தனையோ கடிதம் எழுத நினைத்திருக்கிறேன். 1995இல் யாழ்ப்பாணத்துச் சனம் போரால் இடம்பெயர்ந்தபோது அவர் எந்தப் பக்கம் போனார் என்பதைக்கூட இன்னொருவர் சொல்லித்தான் அறிந்தேன்.

பழைய மாணவர் சங்கம் இப்போது பள்ளிக்கூடத்தில் அவர் பெயரில் நுழைவாயில் வளைவு கட்ட நிதி சேர்க்கிறது. வளைவு வேண்டாம் என்று பொதுக்கூட்டத்தில் சொல்லப்போகிறேன். அந்தக் காசுக்கு எத்தனையோ முதலுதவிப் பெட்டிகள் வாங்கலாம், அங்குள்ள உளவளத்துணை ஆசிரியருக்குக் கதவு சாத்திப் பேச ஓர் அறையும் கட்டிக்கொடுக்கலாம். எதிர்ப்பு வரும், தெரியும். என்னைப் 'பாவாடை' என்று கூப்பிடுகிறவரிடம் முதல் ஆயிரம் டொலரைக் கேட்பதாக இருக்கிறேன்.