சீட்டுக் காய்ச்சலும் நின்றுபோன கடிகாரமும்

மௌனப் படங்களில் இடையிடையே வரும் எழுத்து அட்டைகளுக்குத் தமிழில் சப்டைட்டில் எழுதிப் பழகுகிறேன். மூன்று வாரமாகிறது. சாப்ளினைத் தொடவில்லை, அவருக்கு ஆள் இருக்கிறது. அதிகம் பேர் பார்க்காத புருஷன் பெண்டாட்டிப் படங்கள்தான் எனக்கு வேண்டும்.

முதலில் எடுத்தது 1912-இல் வந்த 'எ க்யூர் ஃபார் போக்கரிடிஸ்'. ஒரே ரீல். குண்டு ஜான் பன்னி கணவன், ஒல்லி ஃப்ளோரா ஃபின்ச் மனைவி. இனிச் சீட்டைத் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்துவிட்டு, சங்கக் கூட்டம் என்று புளுகிவிட்டு ஆடப் போகிறான். மாட்டிக்கொள்வது எப்படி? தூக்கத்தில் உளறி! சத்தமே இல்லாத படத்தில் உளறல். அந்த இடத்தில் சொந்தமாக ஒரு வரி சேர்த்தேன், ஓட்டிப் பார்த்தேன், அழித்துவிட்டேன். அவள் முகத்தைப் பார்த்தாலே என்ன உளறினான் என்று தெரிந்துவிடுகிறது. அப்புறம் அவளுடைய உறவுக்காரப் பையன் பைபிள் வகுப்பு நண்பர்களுக்குப் போலீஸ் வேஷம் போட்டு ரெய்டுக்குக் கூட்டி வருகிறான். தலைப்பைச் 'சீட்டுக் காய்ச்சலுக்கு மருந்து' என்று வைத்தேன்.

ஒரு தவறு செய்தேன். எல்லோரும் குடுகுடுவென்று ஓடும் பிரதியை வைத்தே நேரக் குறியீடு, அதாவது எந்த வரி எந்த நொடியில் தோன்ற வேண்டும் என்ற கணக்கு, போட்டுவிட்டேன். அந்தக் காலத்தில் கேமராவைக் கையால் சுற்றி நொடிக்குச் சுமார் 16 ஃபிரேம், அதாவது தனித்தனிப் படம், எடுத்தார்கள். அதை 24-இல் ஓட்டினால் சண்டையெல்லாம் கோமாளிக்கூத்தாகிவிடும். வேகத்தை மூன்றில் இரண்டு பங்காகக் குறைத்த பிறகுதான் ஃபின்சின் முறைப்பு முறைப்பாகத் தெரிந்தது. குறியீடு முழுவதையும் மறுபடி போட்டேன்.

இப்போது கையில் இருப்பது நகைச்சுவை நடிகர் சார்லி சேஸின் 'மைட்டி லைக் எ மூஸ்', 1926. கணவனாக வரும் சேஸுக்கு எத்துப்பல், மனைவிக்குப் பெரிய மூக்கு. ஒருவருக்கொருவர் தெரியாமல் இருவரும் சரிசெய்துகொள்கிறார்கள். வெளியே சந்தித்தால் அடையாளம் தெரியவில்லை, ஒருவரையொருவர் மயக்கப் பார்க்கிறார்கள்! கடைசியில் சேஸ் தன்னோடு தானே சண்டை போடும் காட்சியை நான்கு தடவை பார்த்தேன், வேலைக்காக என்று சொல்ல முடியாது.

முதல் அட்டையிலேயே முட்டிக்கொண்டு நிற்கிறேன். மனைவி முகத்தைப் பார்த்தால் கடிகாரம் நின்றுவிடுமாம், கணவன் முகத்தைப் பார்த்தால் மறுபடி ஓடுமாம். முகம் அவ்வளவு அவலட்சணம் என்பதற்கு ஆங்கிலத்தில் சொல்லும் கிண்டல் அது. 'பால் திரிந்துவிடும்' என்று மாற்றிப் பார்த்தேன். சரி, திரிந்த பாலைக் கணவன் என்ன செய்வான்? இப்போதைக்குக் கடிகாரமே இருக்கிறது.