ஹண்ட்ஸ்வில்லின் மஞ்சள் அரசாணி

அமெரிக்காவுக்கு வரும் வரை, கேசரோல் என்பது சப்பாத்தி சூடு ஆறாமல் வைக்கும் ஹாட் பாக்ஸின் பெயர் என்றுதான் நினைத்திருந்தேன். எங்கள் திருமணத்துக்கு அன்பளிப்பாக வந்தவற்றில் மட்டும் அப்படி நான்கு டப்பாக்கள் இருந்தன. ஸ்குவாஷ் என்றாலோ, விருந்தாளி வந்தால் தண்ணீரில் கலந்து கொடுக்கும் ஆரஞ்சுப் பழச்சாறு. ஆகவே, 2009ஆம் ஆண்டு ஜூன் மாதம் அலபாமா மாநிலத்தின் ஹண்ட்ஸ்வில் நகருக்கு வந்து சேர்ந்த இரண்டாம் வாரத்தில், கணவருடன் பணிபுரிபவர் வீட்டு விருந்தில், "ஸ்குவாஷ் கேசரோல் செய்திருக்கிறோம், அதில் இறைச்சி இல்லை, நீங்கள் தயங்காமல் சாப்பிடலாம்" என்று சொன்னபோது, சப்பாத்தி டப்பாவில் எதற்காகப் பழச்சாற்றை ஊற்றி வைத்திருக்கிறார்கள் என்று குழம்பிப்போனேன்.

மேசைக்கு வந்தது ஒரு கண்ணாடித் தட்டம். மேலே பொன்னிறத்தில் நொறுங்கிய பிஸ்கட் துகள்கள், ஓரங்களில் குமிழியிட்டு அடங்கிய பாலாடைக்கட்டி, கரண்டி இறங்கிய இடத்தில் குழைந்த மஞ்சள் நிறக் காய். வாயில் வைத்ததும் முதலில் வெண்ணெய் மணந்தது, பிறகு வெங்காயத்தின் இனிப்பு தெரிந்தது, கடைசியில்தான் காய் தெரிந்தது. அந்தக் காயின் சுவை எனக்குப் புதிதாகவே இல்லை. கோபிசெட்டிபாளையத்துப் பக்கம் எங்கள் வீட்டில் பட்டிப் பொங்கலன்று அவரைக்காயோடு வேகும் அரசாணிக்காயின் சாயல் அதில் அப்படியே இருந்தது.

அந்த முதல் கோடையில் இந்த உணவு எனக்கு எவ்வளவு பெரிய ஆறுதலாக இருந்தது என்பது, தெற்கத்திய அமெரிக்காவில் இறைச்சி உண்ணாமல் வாழ்ந்து பார்த்தவர்களுக்குத்தான் விளங்கும். இங்கே 'மீட் அண்ட் த்ரீ' என்று ஒரு வகைச் சாப்பாட்டுக் கடை உண்டு. இறைச்சி ஒன்று, காய்கறி மூன்று என்று நாமே பார்த்துத் தட்டில் எடுத்துக்கொள்ளலாம். காய்கறி மூன்று என்றதும் மகிழ்ந்துபோய் வரிசையில் நின்றால், காலர்ட் கீரையில் பன்றிக்கால் துண்டு கிடக்கும், பீன்ஸில் பேக்கன் மிதக்கும், காராமணி வகைகளிலும் அதே கதைதான். கேட்டால், அது இறைச்சி இல்லை, ருசிக்காகச் சேர்த்தது என்று மனப்பூர்வமாகச் சொல்வார்கள். பாலாடைக்கட்டியில் வெந்த மக்ரோனியையும் காய்கறிப் பட்டியலில் எழுதி வைத்திருக்கும் ஊர் இது. முட்டை உண்பேன், இறைச்சி தொடமாட்டேன் என்ற கணக்கோடு வந்தவளுக்கு அந்த நீண்ட வரிசையில் எஞ்சியவை மக்ரோனியும் இந்தக் கேசரோலும்தான்.

காயைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கடையில் மஞ்சள் ஸ்குவாஷ் என்ற பெயரில் இரண்டு வகை கிடைக்கும். ஒன்று நேராக இருக்கும், மற்றொன்றின் கழுத்து வாத்தின் கழுத்தைப் போல வளைந்திருக்கும். வளைந்ததைத்தான் இந்த ஊர்ப் பெரியவர்கள் தேடி எடுக்கிறார்கள். தாவர இயலில் இது குக்கர்பிட்டா பெப்போ, நம் ஊர் அரசாணிக்காய் குக்கர்பிட்டா மோஸ்கேட்டா. ஒரே பேரினத்தைச் சேர்ந்த பங்காளிகள் என்பதால், முதல் வாயிலேயே எனக்குத் தோன்றிய சாயல் வெறும் ஏக்கத்தின் விளைவு அல்ல. இரண்டுக்குமே பூர்வீகம் அமெரிக்கக் கண்டங்கள். இந்தப் பகுதியின் பூர்வகுடிகளான செரோக்கி மக்களும் மஸ்கோகி மக்களும் மக்காச்சோளம், பீன்ஸ், பூசணி மூன்றையும் ஒரே நிலத்தில் கலந்து பயிரிட்டவர்கள். ஸ்குவாஷ் என்ற சொல்லே வடகிழக்கில் வாழ்ந்த நாரகான்செட் மக்களின் 'அஸ்குடாஸ்குவாஷ்' என்ற சொல்லிலிருந்து தேய்ந்து வந்தது. கொங்கு நாட்டில் அரசாணி என்று நாம் சொந்தம் கொண்டாடினாலும், தஞ்சாவூர்ப் பக்கத்தார் பரங்கிக்காய் என்று அதன் கப்பல் பயணத்தைப் பெயரிலேயே ஒட்டவைத்திருக்கிறார்கள். நான் ஊரை விட்டு வந்துவிட்டேன் என்று அழுதுகொண்டிருந்த நாட்களில், காயோ தன் பிறந்த வீட்டில் சௌகரியமாக இருந்தது.

சாப்பிடத் தெரிந்த அளவுக்குச் சமைக்கத் தெரியவில்லை. அந்த ஆண்டு ஆகஸ்டில் கோவில் நண்பர்களின் கூட்டுச் சமையலுக்கு இதை எடுத்துப்போவது என்று முடிவு செய்து, காயை வட்டமாக நறுக்கி, கூட்டுக்கு வேகவைப்பது போல ஒரு டம்ளர் தண்ணீர் விட்டு வேகவைத்து, வெந்த நீரில் சத்து இருக்கிறதே என்று அதையும் கொட்டாமல், முட்டையும் சீஸும் கலந்து ஓவனில் வைத்தேன். நாற்பது நிமிடம் கழித்து வெளியே வந்தது மஞ்சள் ரசம். அடியில் முட்டை திரிதிரியாகத் திரிந்திருந்தது. மேலே தூவிய பிஸ்கட் ஊறிக் கூழாகியிருந்தது. அன்று புளியோதரை செய்து எடுத்துப்போய் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டேன்.

இதைச் சரியாகக் கற்றுக்கொண்ட நாளை மறக்க முடியாது. 2011 ஏப்ரல் 27, புதன்கிழமை. காலையிலிருந்தே, டொர்னேடோ என்று இங்கே சொல்லும் சுழல்காற்றுச் சூறாவளிக்கான எச்சரிக்கைச் சங்கு விட்டுவிட்டு ஊதிக்கொண்டிருந்தது. அலபாமாவில் அன்று ஒரே நாளில் 62 சூறாவளிகள் இறங்கின. மாநிலத்தில் 200 பேருக்கு மேல் இறந்தார்கள். எங்கள் தெருவுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் மேற்கே பிரௌன்ஸ் ஃபெர்ரி அணுமின் நிலையத்திலிருந்து வரும் உயர் அழுத்தக் கம்பிகளைச் சூறாவளி அறுத்துப்போட்டுவிட்டதால், மாலையில் போன மின்சாரம் பல நாட்கள் திரும்பவில்லை. சாதத்துக்குக்கூட மின்சார குக்கரையே நம்பியிருந்த எங்கள் வீட்டில் அடுத்த நாள் பகல் வரை ரொட்டியும் ஊறுகாயும்தான் உணவு.

மூன்றாம் நாள் எதிர்வீட்டு அம்மாள் எங்கள் கதவைத் தட்டினார். எழுபதைத் தாண்டியவர், என்னை 'ஹனி' என்பார், நான் அவரை 'மேம்' என்பேன். இந்த ஊரில் 'மேம்' என்பது அதிகாரிக்கு வைக்கும் சலாம் அல்ல, எங்கள் பக்கத்து 'ங்க' போல எவருக்கும் ஒட்டவைக்கும் மரியாதை என்பதைப் புரிந்துகொள்ள எனக்கு ஓராண்டு ஆயிற்று. உறைபெட்டியில் இருப்பதெல்லாம் உருகிக்கொண்டிருக்கிறது, தெருவில் இருப்பவர்கள் எல்லோரும் கையில் கிடைப்பதை எடுத்துக்கொண்டு வாருங்கள், இன்றைக்குச் சமைத்துத் தீர்த்துவிடலாம் என்றார். அவர் வீட்டுப் பின்முற்றத்தில் மூன்று கேஸ் கிரில் அடுப்புகள் எரிந்தன. ஆண்கள் இறைச்சியைக் கவனித்துக்கொண்டார்கள். ஒரு அடுப்பை அவர் எனக்காகத் தனியே ஒதுக்கி, கம்பிகளைச் சுரண்டிக் கழுவி வைத்திருந்ததை, நான் கேட்காமலேயே செய்ததை, இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

அவர் கையில் இருந்தவை, முந்தைய கோடையில் நறுக்கி உறையவைத்த மஞ்சள் ஸ்குவாஷ் பைகள் மூன்று. உறைந்து உருகிய காய் தொளதொளவென்று நீரில் மிதந்தது. அதை அவர் ஒரு மெல்லிய பருத்தித் துணியில் கொட்டி, நான்கு முனைகளையும் சேர்த்து முறுக்கிப் பிழியத் தொடங்கினார். ஒரு முறை பிழிந்தார், துணியைப் பிரித்துக் காயைக் கிளறிவிட்டார், மீண்டும் முறுக்கினார். தேங்காய்ப் பால் எடுக்கும்போது என் பாட்டி செய்வதைப் பார்த்தது போலவே இருந்தது, ஒன்றே ஒன்றைத் தவிர: பாட்டி சாற்றை வைத்துக்கொண்டு சக்கையை எறிவார், இவர் சாற்றைப் புல்தரையில் ஊற்றிவிட்டுச் சக்கையை வைத்துக்கொண்டார். விரல் மூட்டுகள் வலித்ததால் இரண்டாவது பையை என்னிடம் தந்தார். போதும் என்று நான் நிறுத்தியபோது, தானும் ஒரு முறுக்கு முறுக்கி இன்னும் கால் டம்ளர் நீரை வெளியே எடுத்துக் காட்டினார். என்னுடைய மஞ்சள் ரசத்துக்கான காரணம் அந்தக் கால் டம்ளரில் தெரிந்தது. இந்தக் காயின் எடையில் ஏறக்குறைய 95 விழுக்காடு தண்ணீர்தான். கூட்டு அந்தத் தண்ணீரை வரவேற்கும், பருப்பும் தேங்காயும் அதை இழுத்துக்கொள்ளும். கேசரோலில் அதை இழுத்துக்கொள்ள ஒன்றும் இல்லை, முட்டை கட்டிபடவும் அது விடாது.

பாத்திரம் இன்னொரு வியப்பு. பத்து அங்குல வார்ப்பிரும்புச் சட்டி. இங்கிருந்து கிழக்கே, டென்னசி எல்லைக்குள் இருக்கும் சௌத் பிட்ஸ்பர்க் என்ற சிற்றூரில் லாட்ஜ் நிறுவனம் 1896 முதல் இத்தகைய சட்டிகளை வார்த்துவருகிறது. எண்ணெய் தடவிப் பழக்க வேண்டும், சோப்புப் போட்டு ஊறவிடக் கூடாது, கழுவியதும் தணலில் உலர்த்த வேண்டும் என்று அவர் விளக்க ஆரம்பித்தார். தோசைக்கல்லுக்கு மருமகளை விடக் கூடுதல் மரியாதை கொடுக்கும் ஊரிலிருந்து வந்தவளுக்கு அதில் விளக்க என்ன இருக்கிறது என்று எனக்குத் தோன்றியதை மொழிபெயர்க்க முடியாமல் சிரித்து வைத்தேன். ஒருபக்க அடுப்பை மட்டும் எரியவிட்டு, எரியாத பக்கத்தில் சட்டியை வைத்து, கிரில்லின் மூடியை மூடினார். மூடியில் இருந்த வெப்பமானி 350 பாரன்ஹீட்டைக் காட்டியது. அன்று இருட்டுவதற்குள் தெருவே கூடி அதை வழித்துத் தீர்த்தது.

அதற்குப் பிறகு நான் கைக்கணக்கில் நிலைநிறுத்திக்கொண்ட முறை இது. மூன்று பவுண்டு, அதாவது ஒன்றேகால் கிலோவுக்குச் சற்றுக் கூடுதலாக, சிறிய காய்களாகப் பார்த்து எடுக்க வேண்டும். ஐந்தாறு அங்குலத்துக்கு மேல் நீண்டால் விதை முற்றியிருக்கும். சுரைக்காய் வாங்குவது போல நகத்தை வைத்துப் பாருங்கள், அழுத்தாமலே இறங்க வேண்டும். தோல் சீவ வேண்டாம். நறுக்கும்போது ஒரு துண்டைக் கடித்துப் பார்த்துவிடுவதும் நல்லது, வெள்ளரி போலவே எப்போதாவது ஒன்று கசந்துவிடும், கசந்த காயைச் சமைத்துச் சாப்பிடக் கூடாது. கால் அங்குல வட்டங்களாக நறுக்கி, பெரிய வெங்காயம் ஒன்றோடு இரண்டு மேசைக்கரண்டி வெண்ணெயில், தண்ணீரே விடாமல், உப்புத் தூவி, மூடாமல் இருபது நிமிடம் வதக்க வேண்டும். பிறகு வடிதட்டில் கொட்டி, ஆறியதும் துணியில் பிழிய வேண்டும். சட்டி நிறைய இருந்த காய் இரண்டு கைப்பிடியாகச் சுருங்கும்போது மனம் பதறும். பதறக் கூடாது.

ஆறிய காயில் இரண்டு முட்டை, ஒரு கோப்பை துருவிய செடார் சீஸ், அரைக் கோப்பை மயோனைஸ், தாராளமாக மிளகுத்தூள். சூடான காயில் முட்டையை உடைத்தால் பொடிமாஸ் ஆகிவிடும். மயோனைஸ் விஷயத்தில் தெற்கத்தியர்கள் பிடிவாதக்காரர்கள். 1917இல் தென் கரோலினாவின் கிரீன்வில் நகரில் யூஜீனியா டியூக் என்ற பெண்மணி தொடங்கிய டியூக்ஸ் மயோனைஸைத்தான் பலர் கேட்டு வாங்குவார்கள். அதில் சர்க்கரை இல்லை, புளிப்பு சற்றுத் தூக்கலாக இருக்கும், காயின் இனிப்புக்கு அது ஈடுகொடுக்கிறது. மேலே தூவுவதற்கு ரிட்ஸ் என்ற உப்பு பிஸ்கட்டில் நீள உறை ஒன்றை எடுத்துக் கையால் நொறுக்கி, நான்கு மேசைக்கரண்டி உருக்கிய வெண்ணெயில் பிசிறிக்கொள்ளுங்கள். மாவாகப் பொடித்துவிட்டால் மொறுமொறுப்பு வராது. ஓவனில் வைப்பதற்குச் சற்று முன்புதான் தூவ வேண்டும். 350 பாரன்ஹீட்டில் முப்பது நிமிடம், வெளியே எடுத்துப் பத்து நிமிடம் ஆறவிட்டுப் பரிமாறலாம்.

இறைச்சி உண்ணாதவர்கள் பிறர் வீட்டில் இதைச் சாப்பிடும் முன் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். சிலர் வேலையைச் சுருக்க டப்பாவில் வரும் கெட்டிச் சூப்பை ஊற்றுவார்கள். கேம்ப்பெல்ஸின் காளான் சூப் 1934இல் வந்தது, ரிட்ஸ் பிஸ்கட்டும் அதே ஆண்டில்தான். பொருளாதார மந்தக் காலத்தில் வந்த இந்த இரண்டு பொருட்களும் அமெரிக்கச் சமையலறையில் நிரந்தரமாகக் குடியேறிவிட்டன. காளான் சூப் என்றால் தொல்லையில்லை, ஆனால் அதே வரிசையில் கோழிச் சூப்பும் உண்டு.

கடுகு தாளித்துக் கொட்டினால் என்ன, பச்சை மிளகாய் கீறிப்போட்டால் என்ன என்று நம்மவர்கள் கேட்காமல் இருப்பதில்லை. நானும் அதையெல்லாம் செய்து பார்த்தேன். கறிவேப்பிலை வெண்ணெயின் மணத்தை விழுங்கிவிடுகிறது, மிளகாய் வந்ததும் காயின் மெல்லிய இனிப்பு காணாமல் போகிறது. காரம் வேண்டுமென்றால் பக்கத்தில் எலுமிச்சை ஊறுகாயை வைத்துக்கொள்ளலாம், என் கணவர் அப்படித்தான் சாப்பிடுகிறார். கேசரோலைக் கேசரோலாகவே விட்டுவிடுவது என்பது என் தீர்மானம். என் அரசாணிக்காய்ப் பொரியலில் யாராவது மயோனைஸ் ஊற்றினால் எனக்கு எப்படி இருக்கும்?

இப்போது எங்கள் பின்முற்றத்துச் செம்மண்ணிலும் நான்கு கொடிகள் நிற்கின்றன. ஏப்ரல் கடைசியில், உறைபனி பயம் விலகியதும் விதைத்தால் ஐம்பது நாளில் காய்க்கத் தொடங்கும், தொடங்கினால் நிற்காது. ஜூலையில் எங்கள் தெருவில் யார் வீட்டு முன்திண்ணையைப் பார்த்தாலும் ஒரு ஸ்குவாஷ் பை இருக்கும், வைத்தவர் யார் என்று தெரியாது, மறுக்கவும் வழியில்லை. மிஞ்சியதை வட்டமாக நறுக்கி, கொதிநீரில் மூன்று நிமிடம் போட்டு எடுத்து, பனிநீரில் ஆற்றி, பைக்கு ஒன்றரைப் பவுண்டாக உறையவைக்கிறேன். இந்த ஆண்டு பதினொரு பைகள். ஆங்கிலத்தில் எழுதினால் என் மகன் எடுத்து எதையாவது பரிசோதனை செய்துவிடுகிறான் என்பதால், ஒவ்வொன்றின் மேலும் 'மஞ்ச அரசாணி' என்று தமிழில் எழுதி, தேதி போட்டு, உறைபெட்டியின் அடித்தட்டில் அடுக்கியிருக்கிறேன். ஏப்ரல் பிறந்து எச்சரிக்கைச் சங்குகளைச் சோதிக்கும் வாரத்தில், பழைய பைகள் இரண்டை முதலில் எடுத்துவிடுவேன்.