மருந்தும் அரிசியும்

சமூக மருத்துவ வகுப்பில் ‘சென்னை ஆய்வு’ பாடமாக வந்த நாளில், காசநோய் குணமாக மருந்து போதும், சாப்பாட்டுக்கு அதில் பெரிய பங்கில்லை என்று குறிப்பெடுத்துக்கொண்டவர்களுள் நானும் ஒருவன். பல ஆண்டுகள் கழித்து, மருத்துவர் அனுராக் பார்கவாவின் ஆய்வுக் கட்டுரைகளைப் படித்தபோதுதான் அந்தக் குறிப்பில் எங்கே தவறினேன் என்பது விளங்கியது.

சென்னை ஆய்வு மிகச் சிறந்த ஆய்வு என்பதில் எனக்கு ஐயமில்லை. 1956-இல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தில், வாலஸ் ஃபாக்ஸ் தலைமையிலான குழு 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினரைக் காசநோயாளிகள் தங்கிச் சிகிச்சை பெறும் மருத்துவமனையான சானடோரியத்தில் சேர்த்தது. மற்றவர்களுக்கு ஐசோநியாசிட், பாஸ் ஆகிய அதே மருந்துகளைக் கொடுத்து, நெருக்கடி மிகுந்த அவர்களுடைய வீடுகளிலேயே இருக்கவிட்டது. சானடோரியத்தில் ஓய்வும் நல்ல உணவும் கிடைத்தன, எடையும் கூடுதலாக ஏறியது. ஆயினும் ஓராண்டு முடிவில் குணமானோர் விகிதத்தில் பெரிய வேறுபாடு இல்லை. வீட்டிலிருந்தவர்களின் குடும்பத்தாரிடமும் நோய் அதிகமாகப் பரவவில்லை என்பது பின்னர் ஐந்தாண்டுக் கண்காணிப்பில் உறுதியானது. படுக்கைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை, வீட்டிலிருந்தே குணமாகலாம் என்ற நிலையை ஏழை நாடுகளுக்கெல்லாம் ஏற்படுத்திக் கொடுத்தது இந்த முடிவுதான்.

ஆனால் அந்தக் குழு கேட்ட கேள்வி, மருந்து உட்கொள்பவர் எங்கே இருந்தால் அவருடைய உடலிலுள்ள கிருமி நீங்கும் என்பது. யாருக்கு நோய் வருகிறது, யார் இறக்கிறார்கள் என்ற கேள்விகள் அதில் இல்லை. கேட்கப்படாத கேள்விக்கும் அதிலேயே விடை கிடைத்துவிட்டதாக நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

பார்கவா அந்தக் கேள்விகளுக்கு வந்து சேர்ந்த வழி நூலகத்தின் வழியன்று. சத்தீஸ்கரில் பிலாஸ்பூருக்கு அருகே கனியாரியில், ஜன ஸ்வாஸ்த்ய சஹயோக் என்ற அமைப்பின் கிராமப்புற மருத்துவமனையில் பணியாற்றியவர் அவர். அங்கு வந்த காசநோயாளிகளைப் பற்றி 2013-இல் வெளியான கட்டுரையில், சிகிச்சை தொடங்கும்போது ஆண்களின் இடைநிலை எடை 42 கிலோ, பெண்களுக்கு 34 கிலோ என்றிருக்கிறது. வளர்ந்த பெண்ணுக்கு 34 கிலோ. அந்த எண்ணைத் தாண்டிச் செல்ல எனக்குச் சற்று நேரம் பிடித்தது.

அடுத்து வந்தது ஜார்க்கண்டின் நான்கு மாவட்டங்களில் 2019 முதல் 2022 வரை நடந்த ‘ரேஷன்ஸ்’ ஆய்வு. 2,800 நோயாளிகள், அவர்களுடைய வீடுகளில் வாழ்ந்த 10,345 பேர். இரு பிரிவுகளிலும் நோயாளிக்கு மாதம் 10 கிலோ உணவுப் பொருள்கள் தரப்பட்டன. பட்டினியில் இருப்பவருக்கு ஒப்பீட்டுக்காகச் சோற்றை மறுக்க முடியாது என்பதால் இப்படி அமைத்தது சரி என்றே நினைக்கிறேன். வேறுபாடு வீட்டிலுள்ள மற்றவர்களிடம்தான்: ஒரு பிரிவில் மட்டும் அவர்களுக்கும் தலைக்கு மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ துவரம்பருப்பு, கூடவே நுண்சத்து மாத்திரைகள் கிடைத்தன. 2023 ஆகஸ்டில் முடிவுகள் வெளியாயின. உணவு பெற்ற குடும்பங்களில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதமும், தொற்று பரப்பும் நுரையீரல் காசநோய் வருவது ஏறத்தாழ பாதியும் குறைந்திருந்தன. அரிசியும் பருப்பும் தடுப்பூசிக்கு நிகராக வேலை செய்ததைப் படித்தபோது, பத்தியச் சாப்பாடு சமைத்த நம் பாட்டிமார் சிரித்திருப்பார்கள் என்று தோன்றியது. நோயாளிகளிலும், முதல் இரண்டு மாதங்களில் எடை ஏறியவர்களிடையே இறப்பு வெகுவாகக் குறைந்திருந்தது.

இந்த ஆய்வில் கூட்டாளியாக இருந்த நிறுவனங்களுள் ஒன்று, சேத்துப்பட்டிலுள்ள தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். 1956-இல் தொடங்கிய அந்தப் பழைய மையத்தின் இன்றைய பெயர் அதுதான். தமிழ்நாட்டில் 2022 முதல் நடைமுறையில் உள்ள காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில், நோய் கண்டறியப்பட்ட உடனேயே எடையும் உயரமும் பார்க்கிறார்கள். எடையை உயரத்தோடு ஒப்பிட்டுக் கணக்கிடும் உடல் நிறைக் குறியீட்டெண் 14 அல்லது அதற்குக் கீழே இருந்தால், மாத்திரையைக் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடாமல், மருத்துவமனையில் சேர்க்கப் பரிந்துரைக்கிறார்கள்.