அரைப்புள்ளியில் உடைந்த வாடிக்கையாளர்கள்

போன வியாழக்கிழமை இரவு பதினொன்றேகாலுக்கு லொக் ஃபைலைத் திறந்து பார்த்தேன். கடையில் இருந்து கணக்கு மென்பொருளுக்குப் போன 214 பில், 214 பதில், எல்லாம் 201, அதாவது "பதிந்தாயிற்று". ஒரு சிவப்பு வரிகூட இல்லை. இதற்காக மூன்று மாதம் பட்ட பாட்டை, இதே வேலையில் இறங்கப்போகிறவர்களுக்காக எழுதி வைக்கிறேன். கொஞ்சம் வயிற்றெரிச்சலும் இருக்கிறது, மறைக்கவில்லை.

கடை திருகோணமலை நகரில். சீமெந்து, கம்பி, தகரம், குழாய் எல்லாம் விற்கும் கட்டடப்பொருள் கடை. கிண்ணியாவிலும் மூதூரிலும் கிளை உண்டு. கவுண்டரில் பதினைந்து வருசப் பழைய பில் மென்பொருள். கணக்குக்கு மட்டும் மாதச் சந்தாவில் புதிதாக ஒரு இணையவழி மென்பொருள். பகல் முழுக்கப் போட்ட பில்லைக் கணக்கு அக்கா பின்னேரத்தில் இருந்து திரும்பவும் ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டிருந்தா. அது ஏபிஐ வழியாக, அதாவது ஒரு மென்பொருள் இன்னொன்றோடு நேரடியாகப் பேசும் வழியாக, தன்பாட்டில் போகவேண்டும், அவ்வளவுதான். "ஒரு கிழமை வேலை அண்ணை" என்று முதலாளியிடம் சொன்னேன். அந்த வாயை என்ன செய்யலாம்?

சாண்ட்பொக்ஸில், அதாவது பொய்த் தரவோடு பழகிப்பார்க்கும் இடத்தில், இரண்டு நாளில் எல்லாம் ஓடியது. டோக்கன் (நுழைவு அடையாளம்) வாங்கியது, ஜேசன் வடிவத்தில் தரவு அனுப்பியது பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

கணக்கு மென்பொருள் நிறுவனத்திடம் உண்மையான ஏபிஐச் சாவி (அனுமதிக் குறியீடு) கேட்டபோதுதான் வினை தொடங்கியது. படிவம், வியாபாரப் பதிவுப் பிரதி, பக்கத்துக்குப் பக்கம் ரப்பர் சீல். எந்த ஐபி முகவரியில் (கணினியின் இணைய இலக்கத்தில்) இருந்து அழைப்பு வரும் என்று கேட்டு ஒரு பெட்டியும் இருந்தது. நான் மூதூரில் நின்ற நாளில் கடைப் பொடியன் அதை நிரப்பி அனுப்பிவிட்டான். இரண்டு கிழமை கழித்துச் சாவி வந்தது. அழைத்தால் 403. 401 என்றால் "நீ யாரென்று தெரியவில்லை", என் டோக்கனில் பிழை தேடலாம். 403 என்பது "நீ யாரென்று தெரியும், ஆனால் உள்ளே விடமாட்டேன்" என்கிற கதை. ஃபோன் எடுத்தால் "டிக்கெட் போடுங்கோ". டிக்கெட் போட்டால் நன்றி சொல்லி ஒரு தானியங்கிப் பதில்.

ஐந்து நாள் பொறுத்துவிட்டுக் கொழும்புக்கு இரவு ரயில் ஏறினேன். கோட்டையில் முகம் கழுவி, பிளேன்ரீ குடித்து, ஒன்பது மணிக்கு முதல் ஆளாக அந்த நிறுவனத்தின் அலுவலகத்தில் நின்றேன். கவுண்டரில் இருந்த அக்கா எங்கள் கோப்பை எடுத்துப் புரட்டிவிட்டு, "எல்லாம் சரியாத்தானே இருக்கு தம்பி" என்றா. நான் எட்டிப் பார்த்தேன். ஐபி பெட்டிக்குள் பொடியனின் அழகான கையெழுத்தில் 192.168.1.10.

அது கடைக்குள் மட்டும் செல்லுபடியாகும் முகவரி. ரவுட்டர் வைத்திருக்கும் பாதி வீடுகளில் இதே இலக்கம் இருக்கும். அதை அப்படியே பதிந்து, சரிபார்த்தேன் என்று ஒப்பமும் வைத்துச் சாவி கொடுத்திருக்கிறார்கள்.

"இது வெளியில தெரியாத முகவரி அக்கா. மாத்தித் தாறீங்களா?"

"அப்ப புதுப் படிவம் வேணும் தம்பி."

"இப்பவே எழுதித் தாறன்."

"முதலாளியின்ர கையெழுத்தும் சீலும்?"

சீல் இருநூற்றைம்பது கிலோமீற்றருக்கு அப்பால், திருகோணமலையில், கல்லாப்பெட்டிக்குள். அடுத்த நாள் போயா விடுமுறை. வெறும் படிவம் ஒன்றைக் கையில் வாங்கிக்கொண்டு அன்றிரவே திரும்பினேன். அதே படிவம் அவர்களுடைய இணையத்தளத்திலேயே இருந்தது என்று ரயிலில் வைத்துத்தான் கண்டுபிடித்தேன்.

ஆகவே: 10 இலும் 192.168 இலும் 172.16 முதல் 172.31 வரையும் தொடங்கும் எதையும் அந்தப் பெட்டியில் எழுத விடாதீர்கள். கடை இணைப்பின் வெளி முகவரியை எழுதினாலும் போதாது. எங்கள் இணைப்பில் கரண்ட் போய் ரவுட்டர் திரும்பி எழும்பும்போது அது மாறிவிடும். மாதவாடகைக்கு நிலையான ஐபியோடு ஒரு சின்னக் கிளவுட் சேர்வர் எடுத்து, எல்லா அழைப்பையும் அதன் வழியாக விட்டேன். இதை முதல் நாளே செய்திருக்கலாம்.

அடுத்தது பாமினி. பழைய மென்பொருளில் பெயர்கள் எல்லாம் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் கிடந்தன. திரையில் "அம்மா" என்று தெரிவது உள்ளே தமிழே இல்லை. ஆங்கில எழுத்தில் எம், கே, பிறகு ஒரு அரைப்புள்ளி (;), கே, எச். பாமினியில் மெய்யெழுத்தின் புள்ளி என்பது அரைப்புள்ளிதான். பழைய மென்பொருள் வாடிக்கையாளர் பட்டியலை ஏற்றுமதி செய்யும்போது கட்டங்களைப் பிரிப்பதும் அதே அரைப்புள்ளியால். புள்ளி வந்த இடமெல்லாம் பெயர் உடைந்தது. பெயரின் பின்பாதி முகவரிக்குள், முகவரி ஃபோன் இலக்கத்துக்குள், ஃபோன் இலக்கம் கடன் எல்லைக்குள். ஒருவருக்கு எழுபத்தேழு கோடி ரூபாய் கடன் எல்லை விழுந்திருந்தது. முதலாளி அந்த ஒன்றுக்கு மட்டும் சிரித்தார்.

ஏற்றுமதியை விட்டுவிட்டுத் தரவுத்தளத்தை நேரடியாக வாசித்து, ஒவ்வொரு பெயரையும் இன்றைய பொதுக் குறியீடான யூனிகோடுக்கு மாற்றினேன். அப்பாடா என்று இருந்தால், கணக்கு அக்கா கூப்பிட்டா: "தம்பி, ஒரே ஆள் ரெண்டு ரெண்டாத் தெரியுது." பார்த்தால் எல்லாம் "கோ"வில் தொடங்கும் பெயர்கள். பாமினியில் கோ என்பது இரட்டைக்கொம்பு, க, கால் என மூன்று துண்டு. என் நிரல் அவற்றை வரிசை மாற்றிவிட்டுக் கொம்பையும் காலையும் தனித்தனியாகவே விட்டிருந்தது. அக்கா கையால் தட்டியதில் அவை சேர்ந்து ஒரே குறியீடு. கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு வேறு வேறு ஆள். திருகோணமலையில் "கோ" இல்லாத பட்டியல் எங்கே கிடைக்கும், ஊர்ப் பெயரிலேயே அது நடுவில் இருக்கும்போது? அனுப்ப முன்னும் ஒப்பிட முன்னும் எல்லாவற்றையும் துண்டுகளைச் சேர்த்து ஒரே குறியீடாக்கும் என்எஃப்சி வடிவத்துக்குக் கொண்டுவருவது ஒரு வரி வேலை. அந்த ஒரு வரி தெரியாமல் நாலு நாள் போனது.

உண்மையில் மானம் போனது வேறு இடத்தில். ஒரு நாள் பின்னேரம் இணைப்பு விட்டு விட்டு வந்தது. என் நிரல் பில்லை அனுப்பும், அங்கே பில் பதிவாகும், பதில் திரும்பி வரமுன் லைன் அறுந்துவிடும். போய்ச் சேரவில்லை என்று நினைத்து நிரல் திரும்பவும் அனுப்பும். 43 பில் இரண்டாகப் பதிந்தது. கடன் பில்லுக்கெல்லாம் எஸ்எம்எஸ் வேறு தானாகப் போகும். அடுத்த நாள் காலை ஒரு கொந்திராத்துக்காரர் ஃபோனை நீட்டிக்கொண்டு வந்து நின்றார்: "நான் பத்துப் பை சீமெந்துதானே எடுத்தனான், இருபதுக்குக் காசு கேக்கிறியள்?" கடையில் ஆட்கள் நிறைய. முதலாளி என்னை ஒரு பார்வை பார்த்தார்.

இதற்கு மருந்து ஏபிஐயின் விளக்க ஆவணத்திலேயே இருந்தது: ஐடெம்பொட்டன்சி கீ. ஒவ்வொரு அனுப்புதலோடும் ஒரு தனி அடையாளம் போனால், அதே அடையாளம் மறுபடி வரும்போது சேர்வர் புதிதாகப் பதியாமல் பழைய பதிலையே தரும். நானும் போட்டேன், ஆனால் ஒவ்வொரு முயற்சிக்கும் புதிய அடையாளம் உருவாகும்படி எழுதிவிட்டேன். பூட்டை வாங்கித் திறப்பையும் அதிலேயே தொங்கவிட்ட மாதிரி. கிளை இலக்கமும் பில் இலக்கமும் சேர்ந்ததுதான் அடையாளமாக இருக்கவேண்டும். பத்துத்தரம் அனுப்பினாலும் அது மாறக்கூடாது. அன்றிரவு நானும் அக்காவும் பட்டியலை அச்சடித்து வைத்து ஒவ்வொன்றாக வெட்டினோம். வெட்டி முடித்த தாள்களை வாசலில் வைத்துவிட்டு வந்தால், ஊருக்குள் திரியும் மான் ஒன்று நின்று நிதானமாக மென்றுகொண்டிருந்தது.

சின்னச் சின்னதும் உண்டு. பில் தேதியை நேரமில்லாமல் எடுத்து யூடிசிக்கு (உலகப் பொது நேரத்துக்கு) மாற்றினேன். நம்முடைய நள்ளிரவு அங்கே முதல் நாள் மாலை 6.30. முதலாம் திகதி பில் எல்லாம் போன மாதத்து வற் (பெறுமதி சேர் வரி) கணக்கில் விழுந்தது. தேதி மட்டும் கேட்கும் இடத்தில் தேதியை மட்டும் அனுப்புங்கள்.

வற்றிலேயே இன்னொன்று. வீதம் 2024 ஜனவரி 1 முதல் நூற்றுக்கு 18. தள்ளுபடி போக ஒவ்வொன்றும் 112.37 ரூபாய் விலையில் பில்லில் இரண்டு பொருள் இருந்தால், பொருளுக்குப் பொருள் கணக்குப் பார்த்துச் சதத்துக்குச் சுற்றும் பழைய மென்பொருளில் வற் 40.46. மொத்தத்துக்குப் பார்க்கும் புதியதில் 40.45. "ஒரு சதம்தானே" என்றேன். "ஒரு சதம் இடிச்சாலும் இடிச்சதுதான் தம்பி" என்றா அக்கா. அவ சொன்னது சரி. கணக்கு மென்பொருளின் அமைப்பில் பொருள்வாரியாகச் சுற்றும் தெரிவு ஒன்று ஒளிந்திருந்தது. கண்டுபிடித்ததற்கு அக்கா ஒரு ரோல்ஸ் வாங்கித் தந்தா.

கிண்ணியாவுக்கும் போன கிழமை இணைத்தாயிற்று, அரை நாள்தான் எடுத்தது. நேற்று மூதூர்க் கிளையின் தரவுத்தளத்தைப் பிரதி எடுத்து வந்து, தெரிந்த பெயர் ஒன்றைப் பாமினி மாற்றியில் போட்டுப் பார்த்தேன். வாயில் நுழையாத எதுவோ வந்தது. அது பாமினி இல்லை.