ஐடிஐ டூ வீலர் பிராக்டிகல்: சாவியைத் திருப்பும் முன் எஞ்சினைத் தொட்டுப் பாருங்கள்

ரிசல்ட் வந்துவிட்டது, பாஸ். பிராக்டிகலில் எனக்கு விழுந்தது எஞ்சின் சத்தம் கண்டுபிடிக்கிற ஜாப். அடுத்த பேட்ச் தம்பி தங்கச்சிகளுக்காக, மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன்.

ஸ்டார்ட் பண்ணும் முன் சிலிண்டர் பக்கம் கையைக் கொண்டுபோங்கள். முன்னால் வந்தவர் வண்டியை ஓடவிட்டிருந்தால் சூடாக இருக்கும். தேய்ந்த பிஸ்டன் சிலிண்டரின் உள்சுவரில் (போர்) அடிக்கிற சத்தம் அப்போது அடங்கிவிடும். பிஸ்டன் அலுமினியம், சூட்டில் விரிந்து இடைவெளியைக் குறைத்துவிடுகிறது. என் வண்டி கொதித்துக்கொண்டிருந்தது. "சார், ஆறட்டும், அப்புறம் கேட்டுச் சொல்றேன்" என்றேன். "ஏம்ப்பா?" என்றார் எக்ஸாமினர். காரணத்தைச் சொன்னதும் தலையாட்டினார். ஆறிய பிறகு ஸ்டார்ட் செய்தால், அதே பிஸ்டன் சத்தம். அவசரக்காரர்களுக்கு இது பிடிக்காது. எனக்குக் காத்திருப்பதுதான் சரிப்பட்டது.

மதுரை செல்லூர்ப் பட்டறையில் அண்ணன் பழக்கிய இன்னொன்று: நீள ஸ்க்ரூடிரைவரின் முனையை எஞ்சினில் வைத்து, கைப்பிடியைக் காதோரம் ஒட்டுங்கள். ஹெட் (சிலிண்டரின் மேல்மூடி), சிலிண்டர், கிராங்க் கேஸ் (எஞ்சினின் அடிக்கூடு) என்று மாற்றி மாற்றி வைத்தால், எங்கே சத்தம் கூடுதோ அங்கேதான் கோளாறு.

மற்றவை சுருக்கமாக:

- ஹெட்டில் சீரான டிக் டிக்: டேப்பெட், அதாவது வால்வுக்கும் அதைத் தட்டுகிற ராக்கருக்கும் நடுவில் இடைவெளி கூடிவிட்டது. சைலன்சர் கேஸ்கெட் போனாலும் இப்படித்தான் கேட்கும். இணைப்பில் கரி அடித்திருக்கிறதா பாருங்கள்.
- கரகரவென்று உரசல்: டைமிங் செயின். ஸ்பிளெண்டரில் இடது பக்கம் கேளுங்கள்.
- கிளட்ச் பிடித்ததும் சத்தம் மாறினால் கிளட்ச் பக்கம் போங்கள்.
- அடியில் கனமாக டொக் டொக், ஆக்ஸிலேட்டர் முறுக்கினால் கூடுகிறது: பிஸ்டனை கிராங்கோடு இணைக்கிற கனெக்டிங் ராடு. உடனே எஞ்சினை நிறுத்துங்கள்.
- ஆண்டாள்புரம் பாலத்தை டாப் கியரில் ஏறும்போது மட்டும் கிணுகிணுவென்றால் அது நாக்கிங், பெட்ரோல் தாறுமாறாக எரிகிற சத்தம். ஹாலில் நிற்கிற வண்டியில் கேட்காது, ஆனால் வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) இதைப் பற்றிக் கேள்வி வரும்.

எதையும் கழற்றும் முன் எஞ்சின் மவுன்டிங் போல்ட், சைலன்சர் கவர், ஸ்டாண்டு ஸ்பிரிங் மூன்றையும் ஆட்டிப் பாருங்கள். பாதி சத்தம் அங்கேதான் இருக்கும்.

டேப்பெட் செட் பண்ணச் சொன்னால் அதற்கும் எஞ்சின் ஆறியிருக்கணும். மேக்னட்டில் டி மார்க் (பிஸ்டன் உச்சியில் இருப்பதைக் காட்டும் கோடு) சேர்ந்ததும் ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கிற மெல்லிய தகடு) நுழைத்துவிடாதீர்கள். அந்த மார்க் ஒவ்வொரு சுற்றுக்கும் வரும். இரண்டு வால்வும் மூடியிருக்கிற கம்ப்ரஷன் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான், அப்போதுதான் அளவெடுக்கணும். ராக்கர் இரண்டையும் விரலால் ஆட்டுங்கள். இரண்டும் லேசாக ஆடணும். ஒன்று இறுக்கமாக இருந்தால் கிராங்கை இன்னொரு முழுச் சுற்று சுற்றிவிட்டு அளவெடுங்கள்.