ஊருக்கு ஊர் ஒரு தீர்ப்பு

அரிக்கமேட்டில் கிடைத்த சிவப்பு மட்கல ஓடுகளைப் புதுச்சேரி அருங்காட்சியகத்தில் பார்க்கும்போதெல்லாம், ‘ரோமானியப் பொருள்’ என்று ஒரே சொல்லில் கடந்துவிடுகிறோம். அந்த வகை மட்கலத்துக்குப் பெயர் தந்த அரேட்சோ நகரமோ இத்தாலியில் வாழ்ந்த எத்ருஸ்கர் என்ற வேறோர் இனத்தாரின் பழைய ஊர். இத்தாலியின் பல இனத்தாரும் ரோமர் என்ற பெயருக்குள் அடங்கிப்போனது எப்படி என்று தேடினால், ரோம் தன் வாசலில், சுற்றுவட்டார ஊர்களில் இருந்த லத்தீனியரை நடத்திய விதத்துக்கே போய்ச் சேர வேண்டியிருக்கிறது.

லத்தீனியர் ரோமருக்கு அந்நியர் அல்லர். மொழி ஒன்று, வழிபாடும் ஒன்று. ரோமுக்கு அருகிலுள்ள அல்பா மலையில் ஆண்டுதோறும் யூப்பிட்டர் என்ற தெய்வத்துக்குப் பலியிட்ட இறைச்சியை ஊர்வாரியாகப் பங்கிட்டுக்கொண்டார்கள், கி.மு. 199இல் தங்களுக்குரிய பங்கு வரவில்லை என்று ஆர்தேயா ஊரார் முறையிட்டதால், அந்த விழாவையே மறுபடி நடத்த நேர்ந்தது. கோயில் மரியாதைக்காக ஊரே திரண்டு நிற்பதைக் கண்டவர்களுக்கு இது வியப்பாக இராது.

கி.மு. 493 உடன்படிக்கைப்படி இரு தரப்பாரும் போரில் ஒருவருக்கொருவர் துணைநின்று, கொள்ளையைச் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டனர். ஆனால் ரோம் வளர வளர அந்தச் சரிபாதி ஏட்டளவில் நின்றது. கி.மு. 340இல், ரோமின் உச்ச ஆட்சியாளர்களான இரு கான்சல்களில் ஒருவரும், அதன் மூத்தோர் அவையான செனட்டில் பாதிப் பேரும் லத்தீனியராக இருக்க வேண்டும் என்று அவர்கள் கேட்டதாகவும், செனட்டில் ஒரு லத்தீனியனைக் கண்டால் தன் கையாலேயே வெட்டுவேன் என்று கான்சல் மான்லியுஸ் சீறியதாகவும் ரோமானிய வரலாற்றாசிரியர் லிவி எழுதுகிறார். போர் மூண்டது, லத்தீனியர் தோற்றனர்.

என்னை வியக்கவைப்பது, வென்றபின் கி.மு. 338இல் ரோம் செய்ததுதான். தோற்றவர் அனைவருக்கும் ஒரே தண்டனை என்று விதிக்காமல், ஒவ்வோர் ஊரையும் தனித்தனியே விசாரித்தது. லனூவியம், அரிசியா போன்ற ஊர்களுக்கு ரோமக் குடியுரிமை கிடைத்தது. தஸ்குலம் முன்பே பெற்றிருந்த குடியுரிமை தொடர்ந்தது. திபூரும் பிரெனெஸ்தேயும் நிலத்தை இழந்தன. வெலித்ரேயின் மதில் இடிக்கப்பட்டது. மற்ற லத்தீன் ஊர்கள் தங்களுக்குள் பெண் கொடுத்து எடுக்கவோ, கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொள்ளவோ, பொது அவை கூட்டவோ கூடாது என்று தடுக்கப்பட்டன. பாகூர் பிரெஞ்சுக்காரரிடமும் கடலூர் ஆங்கிலேயரிடமும் இருந்த காலத்திலேயே இரண்டு ஊருக்கும் சம்பந்தம் வைத்துக்கொண்ட குடும்பத்தில் பிறந்த எனக்கு, மதிலை இடித்ததைவிட இந்தத் தடையே கொடியதாகப் படுகிறது. ஒருவரோடு ஒருவர் கலக்க முடியாத அந்த ஊர்கள், எதற்கானாலும் ரோமின் முகத்தையே பார்க்க வேண்டியதாயிற்று.

லத்தீனியர் ஒன்றுகூடிக் கேட்டபோது மறுக்கப்பட்ட அதே கான்சல் பதவியில், பதினெட்டே ஆண்டுகள் கழித்து, கி.மு. 322இல், தஸ்குலத்தைச் சேர்ந்த லூசியஸ் ஃபுல்வியுஸ் அமர்ந்தார். பழைய ரோமானிய ஒழுக்கத்தின் உருவமாகப் பிற்காலத்தவர் போற்றிய மூத்த காட்டோவும் தஸ்குலத்துக்காரர்தான்.