வடிகாலில் கல்வெட்டு

"வடிகாலில் கல்வெட்டுப் பதிக்க முடியுமா, தம்பி?"

வார்டன் அம்மா இதைக் கோபத்தில் கேட்கவில்லை. தேநீர் டம்ளர்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார். எனக்கு உடனே பதில் வந்தது. "பிள்ளைகள் படுக்கிற அறையில் சுவர் நனையாமல் இருந்தால் போதாதா, அம்மா?" என்றேன். சரியான பதில்தான் என்று அன்றைக்கும் நினைத்தேன், இன்றைக்கும் நினைக்கிறேன். சரியாகச் சொன்னவனுக்கு அது இத்தனை காலம் ஏன் உறுத்த வேண்டும் என்பதுதான் விளங்கவில்லை.

கோத்தகிரிப் பக்கத்தில் மிஷன் நடத்தும் பிள்ளைகள் இல்லம் அது. 2019 தொடக்கத்தில் ஜெர்மனியில் ஒரு சபையிலிருந்து சிலர் வந்திருந்தார்கள். பணமும் தருவார்கள், தாங்களே இறங்கி வேலையும் செய்வார்கள். பொருள் வாங்கித் தருவது, இங்கத்திய முறையைச் சொல்லித் தருவது, அவர்களால் ஆகாத வேலைக்கு ஆள் வைப்பது ஆகியவை என் பொறுப்பு. என்ன கட்டப்போகிறோம் என்பது அவர்கள் விமானம் ஏறுவதற்கு முன்பே முடிவாகிவிட்டது: பிள்ளைகளுக்கு ஒரு படிப்பறை. மரச்சட்டமும் தகரக் கூரையும் போட்டு, பெரும்பகுதியை அவர்கள் கையாலேயே எழுப்புவதாகத் திட்டம். சமையற்கட்டுக்கு மேற்கே நூல் கட்டி, முளை அடித்து, சுண்ணாம்புப் பொடியால் குறியும் போட்டாகிவிட்டது. எந்தச் சன்னலுக்குக் கீழே யார் உட்காருவது என்று பிள்ளைகள் அந்த வெள்ளைக் கோட்டுக்குள் நின்று சண்டைகூடப் போட்டார்கள்.

வந்தவர்களின் தலைவர் வாழ்நாள் முழுக்கக் கூரைவேலை செய்து ஓய்வு பெற்றவர். எழுபதை நெருங்கியிருப்பார். வந்த மறுநாள் காலை, இல்லத்தைச் சுற்றிக் காட்டும்படி என்னைக் கேட்டார். பிள்ளைகள் தூங்கும் கட்டடத்துக்குள் போனதும் பேச்சை நிறுத்திவிட்டு மலைப்பக்கச் சுவரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். கட்டில்களெல்லாம் அந்தச் சுவரை விட்டு ஒரு முழம் தள்ளிக் கிடந்தன. சுவரின் அடிப்பகுதியில் உப்பு பூத்து, தொட்டால் மாவாக உதிர்ந்தது. அதற்கு ஓரமாகப் பிள்ளைகளின் ட்ரங்குப் பெட்டிகள் வரிசையாக இருந்தன. அவர் குனிந்து ஒரு பெட்டியைத் திருப்பினார், பிறகு அடுத்ததை. எல்லாப் பெட்டிகளுக்கும் சுவரைப் பார்த்த பக்கம் மட்டும் துருவேறியிருந்தது. முன்பக்கத்தில் பெயின்டால் எழுதிய பெயர்கள் பளிச்சென்று இருந்தன. பின்பக்கத்தில் விரலை அழுத்தினால் தகடு உள்ளே போகும்.

அதன் பிறகு தேநீர். அவர் என்னிடம் கேட்டார்: "இந்த இல்லத்துக்கு நீங்கள் பொறுப்பென்றால் முதலில் எதைச் செய்வீர்கள்?"

அம்மா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் புரியாமல் இல்லை. "படிப்பறைதான் ஐயா" என்று சொல்லியிருந்தால் எல்லாம் குறித்தபடியே நடந்திருக்கும். "மலைப்பக்கம் வடிகால் வெட்டித் தடுப்புச்சுவர் கட்டுவேன், அதற்குப் பிறகுதான் மற்றது" என்று சொன்னேன்.

எதனால் அப்படிச் சொன்னேன் என்பதை எழுதிவிடுகிறேன். அது வெள்ளைக்காரர் காலத்துக் கட்டடம். சரிவை வெட்டிச் சமன் செய்த இடத்தில், கருங்கல்லை மண்சாந்தில் வைத்து எழுப்பிய சுவர். அப்படிப்பட்ட சுவர் ஈரத்தை இழுக்கும், வெயில் வந்தால் விட்டுவிடும். இடையில் யாரோ நல்ல எண்ணத்தில் வெளிப்பக்கம் முழுக்க சிமென்ட் பூச்சு அடித்துவிட்டார்கள். வெளியே போக வழியில்லாத ஈரம் உள்பக்கமாக வந்தது. சுவருக்குப் பின்னால் வெட்டிய மண்மேடு ஆளுயரத்துக்கு மேல் நின்றது. மேலே தேயிலைத் தோட்டத்திலிருந்து இறங்கும் தண்ணீர் முழுவதும் அந்த மேட்டுக்கும் சுவருக்கும் நடுவில் வந்து தேங்கும். ஊட்டிக்கு ஆடி மழை என்றால் கோத்தகிரிக்கு ஐப்பசி, கார்த்திகை மழை. 2009 நவம்பரில் இந்த மாவட்டத்தில் மண் சரிந்து 40 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். அந்த மழையைப் பார்த்த எவனும், வெட்டிய சரிவுக்கு அடியில் பிள்ளைகள் தூங்குவதைப் பார்த்துவிட்டு வேறு பதில் சொல்ல மாட்டான்.

இதை அம்மாவிடமும் சொன்னேன். அவர் மறுக்கவில்லை. "நீங்கள் சொல்வது உண்மைதான். ஆனால் ஒரு கட்டடம் எழும்பினால் அதைப் படம் எடுத்து அனுப்பலாம். அந்தப் படத்தைப் பார்த்து அடுத்த வருஷம் அரிசிக்குக் காசு வரும். வடிகாலைப் படம் எடுத்து அனுப்பினால் யார் பார்ப்பார்கள்? மழை மூன்று மாசம், தம்பி. சாப்பாடு பன்னிரண்டு மாசம்" என்றார். அதற்குப் பிறகு குரலைத் தாழ்த்தி, "உங்கள் ஆட்களுக்குக் கூலி வருகிற வேலையாகப் பார்த்துச் சொல்லிவிட்டீர்கள்" என்றார்.

அந்தக் கடைசி வாக்கியம்தான் தைத்தது. தைத்ததற்குக் காரணம், அதில் பாதி உண்மை. படிப்பறையை அவர்களே கட்டியிருப்பார்கள்; என் ஆட்களுக்கு அடித்தளத்தோடு வேலை முடிந்திருக்கும். வடிகால் அப்படி இல்லை. நீலகிரியில் பொக்லைனைக் கொண்டுவந்து மண்ணைத் தோண்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். அது கிடைக்கும் வரை வந்தவர்கள் காத்திருக்க முடியாது. ஆகவே கடப்பாரை, மண்வெட்டி, கூடை. கொத்தனார்களும் சித்தாள்களும் வேண்டும். அந்தப் பனிக்காலம் முழுக்க என் ஆட்களுக்கு வேலை இருந்தது. அந்தக் கேள்விக்கு வாய் திறந்த நொடியில் என் மனத்தில் கூலி இருந்ததா என்று என்னை நானே பல தடவை கேட்டுப் பார்த்துவிட்டேன். இல்லை என்றே சொல்வேன். ஆனால் இருபது வருஷமாக இந்தத் தொழிலில் இருப்பவனுக்கு எந்த வேலையைப் பார்த்தாலும் எத்தனை ஆள் என்ற கணக்கு தானாக ஓடும். அது ஓடவே இல்லை என்று சத்தியம் செய்ய முடியாது.

வேலை நன்றாக நடந்தது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மேட்டின் தலைப்பகுதியில் குறுக்காக ஒரு வாய்க்கால் வெட்டி, கல் பதித்து, தண்ணீரைப் பக்கத்து ஓடைக்குத் திருப்பினோம். கீழே தடுப்புச்சுவரை மேட்டுப் பக்கம் சாய்வாகக் கட்டினோம். அதற்குப் பின்னால் மண்ணை அப்படியே தள்ளாமல் உடைகல்லும் ஜல்லியும் அடுக்கினோம், ஐந்தடிக்கு ஒரு குழாய் வைத்துத் தண்ணீர் கசிய வழிவிட்டோம். தடுப்புச்சுவரைத் தள்ளுவது மண்ணைவிட அதற்குள் அடைபட்ட தண்ணீர்தான். குழாய் இல்லாத சுவர் எத்தனை தடிமனாக இருந்தாலும் ஒருநாள் வயிறு தள்ளும். உறைபனிக் காலமாதலால் வெயில் ஏறிய பிறகுதான் கலவை போட்டோம். சாயங்காலம் கட்டியதைச் சாக்கு போட்டு மூடினோம். வந்தவர்கள் வரிசையாக நின்று கல்லைக் கைமாற்றிக் கொடுத்தார்கள். உள்ளங்கை கொப்புளித்தும் ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. தலைவர் மட்டும் கூரையேறி உடைந்த ஓடுகளை மாற்றினார்.

அப்போது ஒரு பழைய ஓட்டை என்னிடம் இறக்கிக் கொடுத்தார். மங்களூர் ஓடு. பாசியைச் சுரண்டினால் பாசல் மிஷன் ஓட்டுத் தொழிற்சாலையின் பெயரும் 1865 என்ற எண்ணும் தெரிந்தன. அந்த எண் ஓடு சுட்ட ஆண்டு இல்லை, மிஷனரிகள் மங்களூரில் தொழிற்சாலை தொடங்கிய ஆண்டு. அவருடைய மொழி பேசிய மிஷன்காரர்கள் செய்தது, இந்த மலையில் ஒரு பிள்ளைகள் இல்லத்தின் கூரையில் கிடக்கிறதே என்று அவருக்கு அவ்வளவு மகிழ்ச்சி. எனக்கோ அம்மாவின் கல்வெட்டுதான் ஞாபகம் வந்தது. பெயரைக் கண்ணில் படாத இடத்தில் போட்டுவிட்டுத் தலைமுறை தலைமுறையாக மழையைத் தடுத்திருக்கிறார்களே, இதை அம்மாவிடம் காட்ட வேண்டும் என்று எடுத்து வைத்தேன். பிறகு காட்டவில்லை. அது வியாபார முத்திரை. ஓடு விற்றுப் பணம் பார்த்த தொழிற்சாலைக்கு அரிசிக்காக யாருக்கும் படம் அனுப்ப வேண்டிய தேவை இருந்திருக்காது.

அந்த வருஷ ஐப்பசி மழையில் நானே போய்ப் பார்த்தேன். குழாய்கள் எல்லாவற்றிலும் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. சிமென்ட் பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டுச் சுண்ணாம்பு பூசியிருந்த சுவர் இன்னும் முழுவதும் காயவில்லை, ஆனால் புதிய ஈரம் இல்லை. ஒரு கட்டில் சுவரை ஒட்டிப் போடப்பட்டிருந்தது. யார் போட்டார்கள் என்று கேட்டேன். பிள்ளைகளே இழுத்துப் போட்டுக்கொண்டதாக அம்மா சொன்னார். அவர் முகத்தில் சந்தோஷம் இருந்தது. அப்போது எனக்குத் தோன்றியதை மறைக்கவில்லை: ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தேன்.

கிறிஸ்துமஸுக்கு அந்தச் சபையின் செய்திமடல் வந்தது. அம்மா என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். வேறொரு நாட்டில் வேறொரு குழு கட்டிய கூடம் இரண்டு பக்கத்துக்கு இருந்தது. வண்ணம் அடித்த சுவர், வாசலில் பிள்ளைகள் கூட்டம், நடுவில் பெயர் பொறித்த கல். எங்கள் இல்லத்துக்குக் கடைசிப் பக்கத்தில் ஒரு சின்னப் படம். சேறு படிந்த ஒரு பள்ளம், அதைச் சுற்றி நான்கைந்து பேர். அம்மா ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நானும் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன்.

அடுத்த ஆண்டு அவர்கள் வரவில்லை. 2020இல் யார்தான் எங்கே போனார்கள்? அதே ஆண்டு செப்டம்பரில் வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் திருத்தப்பட்டது. ஒரு அமைப்பு பெற்ற வெளிநாட்டுப் பணத்தை இன்னொரு அமைப்புக்குக் கொடுப்பது நின்றது. பெரிய அமைப்பு வழியாகப் பணம் வாங்கிய சின்ன இல்லங்கள் பலவற்றுக்கு அது இடிதான். பிள்ளைகளை இல்லத்தில் வைப்பது கடைசி வழியாகத்தான் இருக்க வேண்டும், முடிந்தவரை குடும்பத்தோடு சேர்த்துவிட வேண்டும் என்பதுதான் 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் நோக்கமும். ஆகவே அந்த இல்லத்தில் பிள்ளைகள் குறைந்ததற்கும், மாலையில் பாடம் சொல்லிக் கொடுத்த ஆசிரியை நின்றுபோனதற்கும் எத்தனையோ காரணங்கள். என் ஒரு வார்த்தையால் இதெல்லாம் நடந்தது என்று நினைப்பதே அகந்தை என்று மனைவி சொல்கிறாள். எங்கள் மூத்த கொத்தனார் அண்ணன் இன்னும் சுருக்கமாக முடித்துவிட்டார்: "கேட்டார்கள், சொன்னாய். கேட்காமலா சொன்னாய்?"

அதில்தான் நான் நிற்கிறேன். கேட்டார்கள், சொன்னேன். ஆனால் கேட்டவர் கேட்டது "இந்த இல்லத்துக்கு நீங்கள் பொறுப்பென்றால்" என்று. நான் பொறுப்பாக இருந்தவன் இல்லை. சுவருக்குத்தான் பொறுப்பு, சுவருக்கு எது நல்லதென்று எனக்குத் தெரியும். அந்தச் சுவருக்குள் இருப்பவர்களின் பன்னிரண்டு மாதச் சாப்பாட்டுக்குப் பொறுப்பானவர் டம்ளரை வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றார். "அம்மாவைக் கேளுங்கள்" என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அவர் படிப்பறை என்றிருப்பார், நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேன், அந்த ஐப்பசியில் மேடு இறங்கியிருந்தால்? இறங்காமலும் இருந்திருக்கலாம். அதுவரை இறங்கவில்லையே. இந்த இடத்துக்கு வந்ததும் என் யோசனை மறுபடி தொடங்கிய இடத்துக்கே போய்விடுகிறது.

சன்னலுக்காகச் சண்டை போட்டவர்களில் ஒரு பெண் இப்போது கோயம்புத்தூரில் நர்சிங் படிக்கிறாள். விடுமுறைக்கு வந்தவள் கடைவீதியில் என்னைப் பார்த்து நின்றாள். "அண்ணா, அந்த ரூம் கட்டவே இல்லையே?" என்றாள். குறை சொல்லும் குரலில் கேட்கவில்லை, விளையாட்டாகவே கேட்டாள். எங்கே படிப்பாய் என்று கேட்டேன். கட்டிலில்தான், சுவரில் சாய்ந்து உட்கார்ந்து படிப்பேன் என்றாள். அந்தச் சுவரில் சாயலாமா என்று கேட்க வாயெடுத்துவிட்டு நிறுத்திக்கொண்டேன். சாயலாம் என்றால் எனக்கு நிம்மதி. அந்த நிம்மதிக்காக அவளிடம் கேட்பது சரியாகப் படவில்லை.

போன மாதம் அந்தப் படிப்பறைக்கு ஒரு மதிப்பீடு போட்டு எடுத்துக்கொண்டு போனேன். முன்பு நினைத்ததைவிடச் சிறியது. சில்வர் ஓக் சட்டம், தகரக் கூரை, மலைப்பக்கம் இரண்டு சன்னல். பொருளுக்குத் தெரிந்தவர்களிடம் கேட்டுப் பார்க்கலாம் என்று நினைத்து, கூலிக்கு உரிய இடத்தில் எதுவும் எழுதவில்லை. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரி வரியாகப் படித்தார். கூலிக்கு வந்ததும் விரலை அங்கேயே வைத்துக்கொண்டார்.

"இது ஏன் காலியாக இருக்கிறது?"

"எங்கள் கணக்கில் இருக்கட்டும், அம்மா."

"உங்கள் கணக்கில் என்றால்? கொத்தனார்களுக்கு யார் கொடுப்பது? அவர்கள் வீட்டிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள், தம்பி. கூலியை எழுதிக்கொண்டு வாருங்கள்" என்று தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

எழுதிப் பார்த்தேன். கூலியைச் சேர்த்தால் அவர்களால் இப்போதைக்கு எட்டாத தொகையாகிறது. சேர்க்காமல் கொண்டுபோனால் அவர் வாங்கமாட்டார்.